'சிபிஐ தேர்வு' என்று ஒரு தேர்வு இல்லை: கேரள எல்லைத் தமிழ் இளைஞர்களுக்கு மத்திய விசாரணை அமைப்புகளின் கதவு எங்கே திறக்கிறது?

பாறசாலை (கேரளம்): 2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு, கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த தமிழகக் காவல் துறையின் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். சம்பவம் நடந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில். குற்றம்சாட்டப்பட்ட இருவர் ஒரு வாரத்துக்குள் பிடிபட்டது கர்நாடக மாநிலம் உடுப்பியில். கைத்துப்பாக்கி மீட்கப்பட்டது கேரளத்தின் எர்ணாகுளம் பேருந்து நிலையத்தின் அருகே உள்ள கழிவுநீர்க் கால்வாயில். மூன்று மாநிலங்களில் விரிந்த இந்த வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) அதே ஆண்டு பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது.

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள பாறசாலை, களியக்காவிளையில் இருந்து சில நிமிடப் பயணத் தொலைவில் உள்ளது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர் தரப்பு கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதனால் இப்பகுதி ஊர்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்கள் இன்றும் உள்ளனர்.

இவர்களில் மத்திய விசாரணை அமைப்புகளில் சேர விரும்பும் பட்டதாரி எதிர்கொள்ளும் சிக்கல், நாட்டின் பிற பகுதிகளில் உள்ளவர்களுடையதைவிடச் சற்று வேறானது. பாடத்திட்டமும் உடற்தகுதியும் எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த மொழியில் தேர்வு எழுதுவது, எந்த மாநிலத்தின் சான்றிதழைக் காட்டுவது என்ற இரண்டு கேள்விகள்தான் இங்கு கூடுதலாக எழுகின்றன.

எந்த அமைப்பு என்ன செய்கிறது?

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். சிபிஐ, என்ஐஏ, அமலாக்கத் துறை ஆகியவற்றில் நேரடியாக உதவி ஆய்வாளர் நிலையில் சேர்வதற்கெனத் தனித்தனித் தேர்வுகள் கிடையாது. பணியாளர் தேர்வாணையம் (எஸ்எஸ்சி) நடத்தும் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வே (சிஜிஎல்) இவற்றுக்குப் பொதுவான நுழைவாயில். சிபிஐ உதவி ஆய்வாளர், என்ஐஏ உதவி ஆய்வாளர், அமலாக்கத் துறையின் உதவி அமலாக்க அதிகாரி, போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவின் உதவி ஆய்வாளர், சுங்கத் துறையின் தடுப்புப் பிரிவு அதிகாரி, வருமான வரி ஆய்வாளர் எனப் பல பதவிகள் அந்த ஒரே தேர்வின் தரவரிசையில் இருந்து நிரப்பப்படுகின்றன. தேர்வர் தமது விருப்ப வரிசையை அளிக்கிறார். மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பதவி அமைகிறது. சிபிஐ-யை நினைத்துப் படித்தவர் வருமான வரி அலுவலகத்தில் அமர்வதும், கணக்காயர் அலுவலக வேலையை நினைத்தவர் சிபிஐ-க்குச் செல்வதும் ஆண்டுதோறும் நடப்பவை.

அமைப்புகளுக்கு இடையேயான வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, திருவனந்தபுரம் விமான நிலையத் தங்கக் கடத்தல் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2020 ஜூலை 5-ஆம் தேதி, தூதரகப் பார்சலில் இருந்து சுமார் 30 கிலோ தங்கத்தைச் சுங்கத் துறை கைப்பற்றியது. வரி ஏய்ப்பும் கடத்தலும் சுங்கத் துறையின் விசாரணைக்கு உட்பட்டவை. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் என்ஐஏ தனியே வழக்குப் பதிந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதை 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமலாக்கத் துறை ஆராய்ந்தது. ஆக, பார்சல் ஒன்று. விசாரணை அமைப்புகள் மூன்று.

சிபிஐ-யின் நிலை இவற்றில் இருந்து வேறுபட்டது. 1963 ஏப்ரல் 1-ஆம் தேதி உருவாக்கப்பட்ட அந்த அமைப்பு, 1946-ஆம் ஆண்டின் தில்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தில் இருந்து தனது அதிகாரத்தைப் பெறுகிறது. அச்சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி மாநிலத்துக்குள் விசாரணை நடத்த அம்மாநில அரசின் ஒப்புதல் தேவை. கேரளம் 2020 நவம்பரிலும் தமிழ்நாடு 2023 ஜூனிலும் தமது பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டன. எனவே எல்லையின் இரு பக்கங்களிலும் சிபிஐ புதிய வழக்கை எடுக்க வேண்டுமானால், தனி ஒப்புதலோ உயர் நீதிமன்றம் அல்லது உச்ச நீதிமன்றத்தின் உத்தரவோ வேண்டும். என்ஐஏ-க்கு அத்தடை இல்லை. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இயற்றப்பட்ட 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாநில அரசின் அறிக்கை கிடைத்த 15 நாட்களுக்குள் வழக்கை என்ஐஏ-விடம் ஒப்படைப்பதா என்பதை மத்திய அரசு முடிவு செய்யலாம்.

எல்லையோர வழக்குகள் எல்லாமே மத்திய அமைப்புகளிடம் செல்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2022 அக்டோபரில் பாறசாலையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார். விஷம் கொடுக்கப்பட்ட வீடு தமிழகக் காவல் நிலைய எல்லைக்குள் இருந்தது. அவர் உயிரிழந்தது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். எந்த மாநிலக் காவல் துறை விசாரிப்பது என்று சட்ட ஆலோசனை கேட்கப்பட்டது. கேரளக் குற்றப்பிரிவே விசாரணையை முடித்தது. நெய்யாற்றின்கரை கூடுதல் அமர்வு நீதிமன்றம் 2025 ஜனவரி 20-ஆம் தேதி குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது.

நடுவில் மட்டும் தமிழ் இல்லை

சிஜிஎல் தேர்வு இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதல் கட்டத்தில் 60 நிமிடங்களில் 100 வினாக்கள்; 200 மதிப்பெண்கள்; தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறையும். இரண்டாம் கட்டமே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. அதில் கணிதம் 30, பகுத்தறிவுத் திறன் 30, ஆங்கிலம் 45, பொது அறிவு 25 என வினாக்கள் இடம்பெறும். ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண். கணினி அறிவு, தட்டச்சு ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றால் போதும். அம்மதிப்பெண்கள் தரவரிசையில் சேராது. நேர்முகத் தேர்வு 2016 முதல் கிடையாது.

இந்தக் கணக்கைச் சற்றுக் கூட்டிப் பார்ப்பது நல்லது. தரவரிசைக்குரிய 390 மதிப்பெண்களில் ஆங்கிலத்துக்கு மட்டும் 135. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எஞ்சிய 255 மதிப்பெண்களுக்கான வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகின்றன. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் அந்த 255 மதிப்பெண்களைத் தமது மொழியில் வாசித்து எழுதலாம். தமிழருக்கும் மலையாளிக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

மேலேயும் கீழேயும் நிலைமை வேறு. ஐபிஎஸ் உள்ளிட்ட பணிகளுக்கான குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம். நேர்முகத் தேர்விலும் அம்மொழியில் பதிலளிக்கலாம். அதேபோல் மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் பணிக்கான தேர்வு தமிழ், மலையாளம் உட்பட 13 மாநில மொழிகளில் 2024 முதல் நடத்தப்படுகிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஆவதற்குத் தமிழில் எழுதலாம், துப்பாக்கி ஏந்தும் காவலர் ஆவதற்கும் தமிழில் எழுதலாம். இடையில் உள்ள விசாரணை அதிகாரி ஆவதற்கு மட்டும் முடியாது. இதற்கு நிர்வாகக் காரணங்கள் கூறப்படலாம். ஆனால் சாட்சியின் வாக்குமூலத்தை அவரது மொழியில் கேட்டுப் பதிய வேண்டியவர் இந்த நடுநிலை அதிகாரிதான்.

காவலர் தேர்வில் மொழி வாய்ப்பு கிடைத்ததும் தானாக அல்ல. 2023-இல் மத்திய ரிசர்வ் காவல் படையில் 9,212 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே என்றும், 100 மதிப்பெண்களில் 25 அடிப்படை இந்தி அறிவுக்கு என்றும் கூறப்பட்டிருந்தது. தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் அந்த ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு வாரத்துக்குள் மாநில மொழிகளில் தேர்வு நடத்தும் முடிவை உள்துறை அமைச்சகம் அறிவித்தது. சிஜிஎல் தேர்வுக்கு அத்தகைய அறிவிப்பு வரவில்லை.

எனவே பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ பட்டப்படிப்பில் சேரும் மாணவர், மூன்று ஆண்டுகளையும் ஆங்கில வாசிப்புக்கான காலமாகக் கருதுவதே நடைமுறைக்கு உகந்தது. கணிதத்தைக் கடைசி ஆறு மாதங்களில் பயிற்சியால் தேற்றிவிடலாம். ஆங்கிலப் பத்தியை ஒரு முறை வாசித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் அவ்வளவு விரைவில் வருவதில்லை.

பெங்களூருவா, சென்னையா?

எல்லையின் இரு பக்கங்களும் எஸ்எஸ்சி-யின் வரைபடத்திலும் பிரிந்தே உள்ளன. களியக்காவிளை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மண்டலத்தில் அடங்கும். பாறசாலை, பெங்களூருவில் இருந்து இயங்கும் கர்நாடகம்–கேரளம் மண்டலத்தைச் சேர்ந்தது. தேர்வு மைய விருப்பங்களை ஒரே மண்டலத்துக்குள்தான் தர முடியும். பாறசாலைக்காரருக்குத் திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர். எனவே கர்நாடகம்–கேரளம் மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பதே எளிது. உறவினர் வீடு மார்த்தாண்டத்தில் இருக்கிறது என்பதற்காகத் தென் மண்டலத்தைக் குறித்துவிட்டால், காலை நேரத் தேர்வுக்கு முந்தைய நாளே திருநெல்வேலிக்குப் புறப்பட வேண்டியிருக்கும்.

சிஜிஎல் நாடு முழுவதற்குமான தரவரிசை என்பதால் இருப்பிடச் சான்று அதில் பெரிய தடையாக இருப்பதில்லை. காவலர் தேர்வில் அப்படி இல்லை. காலியிடங்கள் மாநிலவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. எந்த மாநில ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கிறாரோ அந்த மாநில இருப்பிடச் சான்றிதழைக் காட்ட வேண்டும். வாக்காளர் பட்டியல் கேரளத்திலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் தமிழகத்திலும் இருப்பவர்கள் இப்பகுதியில் அரிதல்ல. அவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே எந்த மாநிலச் சான்றிதழ் தமக்குக் கிடைக்கும் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இங்கு இன்னொரு குழப்பமும் உண்டு. காவலர் தேர்வு அறிவிக்கையில் 'எல்லை மாவட்டங்கள்' என்ற தனி ஒதுக்கீடு காணப்படும். அது பாகிஸ்தான், வங்கதேசம் போன்ற நாடுகளுடனான சர்வதேச எல்லையோர மாவட்டங்களுக்கானது. கேரள–தமிழக எல்லைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சாதிச் சான்றிதழில் சிக்கல் இன்னும் ஆழமானது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கான (ஓபிசி) மத்தியப் பட்டியல் மாநிலவாரியானது. களியக்காவிளையில் ஒரு பெயரிலும் பாறசாலையில் வேறு பெயரிலும் ஒரே சமூகம் பதிவாகியிருக்கலாம். மேலும், மாநிலப் பட்டியலில் இடம்பெற்ற எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. கேரளத்தில் எஸ்ஐயுசி நாடார்கள் ஏற்கெனவே பட்டியலில் இருந்தனர். 2021 பிப்ரவரியில் பிற கிறிஸ்தவ நாடார்களையும் மாநிலப் பட்டியலில் சேர்க்கக் கேரள அரசு உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 105-ஆவது திருத்தம், மாநிலங்கள் தமக்கான பட்டியலை வைத்துக்கொள்ளும் அதிகாரத்தை மீண்டும் உறுதி செய்தது. இவை அனைத்தும் மாநிலப் பட்டியல் பற்றியவை. மத்திய அரசுப் பணிக்கு விண்ணப்பிப்பவர், தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் கேரளத்துக்கான மத்தியப் பட்டியலில் தமது சமூகத்தின் பெயர் எப்படி எழுதப்பட்டுள்ளது என்று பார்த்த பிறகே ஓபிசி பிரிவைக் குறிக்க வேண்டும்.

சான்றிதழ் தருபவரும் வேறுபடுவார். கேரளத்தில் மாநிலப் பயன்பாட்டுக்கான சான்றிதழைக் கிராம அதிகாரி வழங்குகிறார். மத்திய அரசுப் பணிக்கு வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி, மத்திய அரசு வகுத்த படிவத்தில் வழங்கியது வேண்டும். அக்ஷயா மையத்தில் விண்ணப்பிக்கும்போதே 'மத்திய அரசுப் பணிக்கு' என்று குறிப்பிடாவிட்டால், கையில் கிடைப்பது பயன்படாத சான்றிதழாக இருக்கும். தேர்வில் வென்ற பிறகு, ஆவணச் சரிபார்ப்பு மேசையில் இது தெரியவருவது மிகவும் வேதனையானது. அங்கே பொதுப் பிரிவுக்கு மாற்றப்பட்டால் வயது வரம்பும் கட் ஆப் மதிப்பெண்ணும் சேர்ந்து மாறிவிடும்.

வசதி படைத்த பிரிவினர் (கிரீமி லேயர்) யார் என்பதை வரையறுக்கும் 1993-ஆம் ஆண்டு உத்தரவில், இப்பகுதிக்கென்றே எழுதப்பட்டது போன்ற ஒரு விதி உள்ளது. ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் என்ற வருமான வரம்பில் வேளாண் வருமானம் சேர்க்கப்படுவதில்லை. மாந்தோப்பும் வேளாண் நிலமாகவே கருதப்படும். ஆனால் ரப்பர், தேயிலை, காபித் தோட்டங்களின் வருமானம் கணக்கில் சேரும். மரவள்ளி பயிரிடும் குடும்பத்துக்கும் ரப்பர் பால் வெட்டும் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துக்கும் ஒரே வருமானம் இருந்தாலும், சான்றிதழ் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எல்லை கடந்து திருமணம் செய்து வந்த பெண்கள் கவனிக்க வேண்டியது: இந்த வரம்பு பெற்றோரின் நிலையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது, கணவரின் வருமானம் பார்க்கப்படுவதில்லை.

பெயர் விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். தலைப்பெழுத்து முன்னால் வருவதும் பின்னால் வருவதும், தந்தை பெயர் விரிவாக வருவதும் வீட்டுப் பெயர் சேர்வதும் இரு மாநில ஆவணங்களில் கலந்து கிடக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழே அடிப்படை. ஆதாரை அதற்கு இணங்கத் திருத்திக்கொள்ள வேண்டும்.

உயரத்தை முதலில் அளக்க வேண்டும்

பதவி விருப்பத்தைத் தீர்மானிப்பதற்கு முன் செய்ய வேண்டிய எளிய வேலை, சுவரில் சாய்ந்து நின்று உயரத்தை அளப்பது. ஆண்களுக்குச் சிபிஐ உதவி ஆய்வாளர் பணியில் 165 சென்டிமீட்டர் போதும். என்ஐஏ-யில் 170 வேண்டும். 167 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் என்ஐஏ-யை விருப்ப வரிசையில் முதலில் எழுதிப் பயனில்லை. பெண்களுக்கு இரண்டிலும் 150. சுங்கம் உள்ளிட்ட ஆய்வாளர் பணிகளுக்கு ஆண்களுக்கு 157.5, பெண்களுக்கு 152. சிபிஐ, என்ஐஏ பணிகளில் கண்ணாடி அணிந்தோ அணியாமலோ பார்வை ஒரு கண்ணில் 6/6, மறு கண்ணில் 6/9 இருந்தால் ஏற்கப்படும்.

காவலர் பணியில் விதிகள் கடுமையானவை. ஆண்களுக்கு உயரம் 170, பெண்களுக்கு 157. ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடங்களிலும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடங்களிலும் ஓடி முடிக்க வேண்டும். கண்ணாடி இன்றியே பார்வை தெளிவாக இருக்க வேண்டும்; நிறக்குருடு இருந்தால் தகுதி இழப்பு. வயது 18 முதல் 23 வரை மட்டுமே. ஓபிசி பிரிவினருக்கு மூன்று ஆண்டுகளும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஐந்து ஆண்டுகளும் தளர்வு உண்டு. சிபிஐ உதவி ஆய்வாளருக்கு 30 வயது வரை காலம் இருக்கிறது. ஆகவே இரண்டையும் விரும்புபவர் ஓட்டத்தை முதலிலும் நூல்களைப் பிறகும் எடுப்பதே வயதுக்கு ஏற்ற வரிசை.

மொழிபெயர்த்துக் காட்டச் சொல்லும் தேர்வு

இரு மொழி அறிவுக்கு நேரடியாக மதிப்பளிக்கும் தேர்வு ஒன்று உள்ளது. அது உளவுத் துறை (ஐபி) நடத்தும் பாதுகாப்பு உதவியாளர் தேர்வு. கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு; வயது 18 முதல் 27 வரை. விண்ணப்பிக்கும் மாநிலத்தின் இருப்பிடச் சான்றும் அங்குள்ள உள்ளூர் மொழிகளில் ஒன்றில் தேர்ச்சியும் கட்டாயம். இரண்டாம் கட்டத்தில் 500 சொற்கள் கொண்ட பத்தியை உள்ளூர் மொழியில் இருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்தில் இருந்து உள்ளூர் மொழிக்கும் மொழிபெயர்க்க வேண்டும். எந்த மையத்துக்கு எந்த மொழிகள் ஏற்கப்படும் என்ற அட்டவணை அறிவிக்கையிலேயே இருக்கும். வீட்டில் தமிழ் பேசும் பாறசாலைக்காரர் கேரள இருப்பிடச் சான்றுடன் விண்ணப்பிப்பதால், எழுத்து மலையாளத்திலும் கை பழகியிருப்பது பாதுகாப்பானது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகப் பயின்றவர்களுக்குத் தெரியும், நெருங்கிய மொழிகளுக்கு இடையில்தான் அதிகம் வழுக்கும். மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு, தமிழில் விரைவு. மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். 'வீட்டில் வெள்ளம் இல்லை' என்ற வாக்குமூலத்தைச் சென்னையில் வளர்ந்தவர் மழைச் சேதம் பற்றியது என்று எழுதிவிடக்கூடும். குமரி மாவட்டத்திலும் எல்லை ஊர்களிலும் தமிழ் பேசுவோருக்கு இந்தத் தடுமாற்றம் வராது. அவர்களது தமிழிலும் வெள்ளம் தண்ணீர்தான்.

பட்டதாரிகளுக்கு இதே துறையில் உதவி மத்திய உளவு அதிகாரி பணி உண்டு. 2025-இல் இப்பணிக்கு 3,717 இடங்கள் அறிவிக்கப்பட்டன. விரிவாக விடையளிக்கும் தாளும் நேர்முகத் தேர்வும் இதில் இருக்கும். ஒன்றை மட்டும் அறிந்து விண்ணப்பிக்க வேண்டும்: உளவுத் துறை தகவல் திரட்டும் அமைப்பு, அது வழக்குப் பதிவதோ கைது செய்வதோ இல்லை.

மாநிலக் காவல் துறை வழியாகச் செல்லும் பாதையும் உண்டு. சிபிஐ-யும் என்ஐஏ-யும் தமது பணியாளர்களில் கணிசமானவர்களை மாநிலக் காவல் துறைகளில் இருந்து அயல்பணியாக எடுத்துக்கொள்கின்றன. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் பத்தாம் வகுப்புத் தரத்திலான தேர்வுகளில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழ், கன்னட வினாத்தாள்களைத் தருகிறது. சிஜிஎல் தராத மொழி உரிமையைக் கேரள அரசு தருகிறது என்பது எல்லைத் தமிழர் பலரின் கவனத்துக்கு வராத செய்தி.

வழக்கு இருந்தால் மறைக்கலாமா?

தேர்வான பிறகு வரும் சான்றுறுதிப் படிவத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் வசித்த எல்லா இடங்களையும் எழுத வேண்டும். களியக்காவிளையில் தங்கிப் படித்தவருக்கு இரு மாநிலக் காவல் நிலையங்களில் இருந்தும் அறிக்கை வரும். கல்லூரிக் காலச் சிறு வழக்கைக் குறிப்பிடாமல் விட்டு, மறைத்த காரணத்துக்காகவே வேலையை இழந்தவர்களின் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. 2016-இல் அவதார் சிங் வழக்கில், உண்மையைச் சொன்னவரின் நிலையை வழக்கின் தன்மையைப் பார்த்து நிர்வாகம் பரிசீலிக்கலாம் என்றும், மறைத்தவர் பணியில் நீடிப்பதை உரிமையாகக் கோர முடியாது என்றும் நீதிமன்றம் வரையறுத்தது. சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

பணம் கொடுத்தால் மத்திய அரசு வேலை என்று அணுகும் இடைத்தரகர்களைப் பற்றித் தனியே எச்சரிக்கத் தேவையிருக்காது என்று தோன்றலாம். ஆனால் 2023 ஆகஸ்டில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் தேர்வில் புளூடூத் கருவியுடனும் ஆள்மாறாட்டம் செய்தும் பிடிபட்டவர்கள் எழுதியது திருவனந்தபுரம் நகர மையங்களில்தான். 2024 ஜூன் 21 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம், முறைகேட்டில் ஈடுபடுவோருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும், கும்பலாகச் செய்தால் பத்து ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது ஒரு கோடி ரூபாய் அபராதமும் விதிக்கிறது.

விழிஞ்ஞம் கேட்கப்போகும் மொழி

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே உள்ள விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்தார். துறைமுகம் வளரும்போது சுங்கம், போதைப்பொருள் கட்டுப்பாடு, புலனாய்வு ஆகியவற்றின் வேலையும் அங்கு வளரும். அதற்கு முன்பே, 2021 மார்ச்சில் மினிக்காய் அருகே கடலோரக் காவல் படை மடக்கிய 'ரவிஹன்சி' என்ற இலங்கைப் படகு விழிஞ்ஞத்துக்குத்தான் கொண்டுவரப்பட்டது. அதில் 300 கிலோ ஹெராயின், ஐந்து ஏகே-47 துப்பாக்கிகள், 1,000 தோட்டாக்கள் இருந்தன. வழக்கைப் பின்னர் என்ஐஏ எடுத்துக்கொண்டது; விசாரணை கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நீண்டது. இத்தகைய வழக்கில் ஒரு சாட்சி தமிழிலும் அடுத்தவர் மலையாளத்திலும் பேசுவது இயல்பு. இரண்டையும் மொழிபெயர்ப்பாளர் இன்றிக் கேட்கக்கூடிய அதிகாரிகளைத் தேடினால், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வராமல் இருக்க முடியாது.

சிஜிஎல் தேர்வுக்கான கட்டணம் 100 ரூபாய். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. ஒருமுறைப் பதிவை எஸ்எஸ்சி இணையதளத்தில் அறிவிக்கை வருவதற்கு முன்பே முடித்து வைத்துக்கொள்ளலாம். ஓபிசி சான்றிதழுக்கு நெய்யாற்றின்கரை வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிப்பவர்கள், அறிவிக்கையில் குறிப்பிடப்படும் சான்றிதழ் தேதி வரம்பைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.